உங்களுக்கே டைப் 1 இருந்தால்: அந்த அனுபவத்தை நோயாளிக்குப் பயன்படுத்துவது எப்படி

டைப் 1 சர்க்கரை நோயோடு வேலை பார்க்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் வகுப்பில் கிடைக்காத ஓர் அறிவு உண்டு. சர்க்கரை 50-க்கு இறங்கும்போது எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும், மண்டையில் ஏறாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்ட இன்சுலின் சுருக்கென்று எரியும். மூன்று நாள் ஒழுங்காக இருந்தும் நான்காம் நாள் காலையில் மீட்டர் 280 காட்டினால் மனசு விட்டுப்போகும். இதையெல்லாம் உடம்பால் அறிந்தவர் எதிரில் உட்கார்ந்திருப்பது நோயாளிக்குப் பெரிய பலம். அதே அறிவு தடம் மாறிப் போகவும் கூடும். தன் உடம்பில் பலித்ததை எல்லார் உடம்புக்கும் எழுதிக்கொடுக்கும் பழக்கம் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே இங்கே சொல்லும் முறை ஒன்றுதான். சொந்த அனுபவத்திலிருந்து கேள்வியை எடுங்கள். பதிலை நோயாளியின் உடம்பிலும் மருத்துவ வழிகாட்டுதலிலும் தேடுங்கள்.

இதற்குப் பழைய முன்மாதிரிகள் உண்டு. ராபின் லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவருக்கு 1920-ல் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது. சாவை எதிர்பார்த்து இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குப் போனவர், 1923-ல் இன்சுலின் வந்துவிட்டது என்று தகவல் கிடைத்ததும் லண்டனுக்குத் திரும்பி, கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அதைப் போட்டுக்கொண்டு பிழைத்தார். பிறகு அங்கேயே பெரிய சர்க்கரை நோய்ப் பிரிவை வளர்த்தார். தன்னிடம் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸோடு சேர்ந்து 1934-ல் நோயாளிகளுக்கென ஒரு சங்கத்தையும் தொடங்கினார்.

அமெரிக்கரான ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் 12 வயதில் டைப் 1 வந்த பொறியாளர். மருத்துவமனைகளுக்கென்றே விற்கப்பட்ட குளுக்கோமீட்டரை 1969-ல் மருத்துவரான தன் மனைவி மூலம் வாங்கி, ஒரு நாளைக்குப் பல தடவை தன் ரத்தத்தைத் தானே பார்க்கத் தொடங்கினார். பொறியாளர் சொல்வதை மருத்துவ உலகம் காதில் போட்டுக்கொள்ளாததால், நாற்பதைத் தாண்டிய வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். வீட்டிலேயே சர்க்கரை பார்ப்பது இன்று உலகம் முழுக்க நடைமுறை. ஆனால் அவர் தனக்கென வகுத்துக்கொண்ட மிகக் குறைந்த மாவுச்சத்து உணவுமுறை இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அளந்து பார்க்கும் வழி எல்லாருக்கும் கைமாறியது. அவர் உடம்புக்குக் கிடைத்த விடை அவ்வளவு எளிதாகக் கைமாறவில்லை.

டியூட்டியில் முதலில் உங்கள் சர்க்கரை

லோவில், அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிய நிலையில், இருக்கும் கை இன்னொருவருக்கு மருந்துக் கணக்குப் போடக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு ஒரு விதி சொல்வார்கள்: சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓட்டு, 72-க்குக் கீழே இருந்தால் ஓட்டாதே, லோ ஆகிவிட்டால், சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் காத்திரு. மீட்டரில் எண் ஏறிய உடனே மூளை பழைய வேகத்துக்கு வந்துவிடாது என்பதுதான் காரணம். டோஸ் கணக்கு, ட்ரிப் வேகம் அமைப்பது, தையல், அறுவை எல்லாவற்றுக்கும் இதே விதியை வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து.

குளுக்கோஸ் மாத்திரை லாக்கரில் இருந்தால் இல்லாததற்குச் சமம். சட்டைப் பையில் இருக்க வேண்டும். பொதுவாக ஒரு மாத்திரையில் 4 கிராம் இருக்கும். நான்கு போட்டால் 16 கிராம். இரண்டு தடவைக்குத் தேவையான எட்டு மாத்திரை எப்போதும் பையில் இருக்கட்டும். பாதுகாப்பு உடை போட்டபின் வாயில் எதுவும் போட முடியாது. தனிமை வார்டுக்குள் நுழையும் முன்பும், அறுவை அரங்கில் கை கழுவும் முன்பும் ஒரு தடவை சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள் டியூட்டி நேரத்துக்கு மட்டும் லோ அலாரத்தை 70-லிருந்து 80-க்கு ஏற்றி வைக்கலாம். சென்சார் பார்ப்பது தோலுக்கடியில் உள்ள திரவத்தை, ரத்தத்தை அல்ல. சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது சில நிமிடம் பின்தங்கும். உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறொன்று காட்டினால் விரலில் குத்திப் பாருங்கள்.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறைந்தது இரண்டு பேருக்கு உங்கள் நோய் தெரிந்திருக்க வேண்டும். மோசமான லோவில் சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்தான குளுக்ககான் எங்கே இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஊசியானால் பெரியவர்களுக்கு 1 மி.கி., மூக்கில் அடிப்பதானால் 3 மி.கி. நைட் டியூட்டி மாறி மாறி வருபவர்கள் நீண்டநேர இன்சுலினை ஷிஃப்டுக்கு ஏற்ப நகர்த்தாமல், எந்த ஷிஃப்டிலும் விழித்திருக்கும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்பது சுலபம்.

இன்னொன்று, இது நோயாளியின் பாதுகாப்பு. வார்டில் பென் தீர்ந்துபோய் அவசரம் என்றாலும் உங்கள் இன்சுலின் பென்னை யாருக்கும் கொடுக்காதீர்கள். நீடிலை மாற்றினாலும் போதாது. போடும்போது ரத்தம் பின்வாங்கி கார்ட்ரிட்ஜுக்குள் போகக்கூடும். விரல் குத்தும் கருவிக்கும் இதே விதி. அதைப் பகிர்ந்ததால் மருத்துவ இடங்களில் ஹெபடைட்டிஸ் பி பரவியிருக்கிறது.

நடந்ததைக் கேள்வியாக மாற்றுங்கள்

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். உங்கள் சர்க்கரை தாறுமாறாகப் போன ஒவ்வொரு நாளுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன நடந்தது, எந்தப் படியில் பிசகியது, இதை நோயாளியிடம் எந்தக் கேள்வியாகக் கேட்கலாம், வழிகாட்டுதல் இதற்கு என்ன சொல்கிறது. நான்காவதைச் சரிபார்க்கும் வரை அந்தக் கேள்வியை வெளியே கொண்டுபோகாதீர்கள். உங்களுக்கு மட்டும் உண்மையான பல விஷயங்கள் அங்கேதான் வடிகட்டப்படும்.

உதாரணமாக, நீடிலைக் கழற்றாமல் பென்னை மூடி வைத்தால் சூடு குளிரில் இன்சுலின் கசியும், காற்று உள்ளே போகும். அடுத்த டோஸ் குறைவாக இறங்கும். "நீடிலைக் கழற்றிடணும், தெரியுமா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "ஊசி போட்டு முடிச்சதும் பென்னை என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள்; உண்மை வரும். அதேபோல மீட்டரில் திடீரென்று 300 வந்த நாளைப் பற்றி, "அதுக்கு முன்னாடி பழம் ஏதாவது உரிச்சீங்களா? கை கழுவினீங்களா?" என்று கேளுங்கள். விரலில் ஒட்டிய பழச்சாறு போதும், எண் எங்கேயோ போய்விடும். அந்த எண்ணை நம்பிக் கூடுதல் இன்சுலின் போட்டால் அடுத்தது லோதான். கை கழுவித் துடைத்து இன்னொரு தடவை பார்த்த பிறகே டோஸ் போடச் சொல்லுங்கள்.

நோயே இல்லாத மருத்துவருக்குப் பெரும்பாலும் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு: "ராத்திரி லோ ஆயிடுமோன்னு பயந்து டோஸைக் குறைச்ச நாள் உண்டா? நிறைய பேர் அப்படிச் செய்வாங்க." பின்னால் வரும் அந்த ஒரு வரி முக்கியம். ஆமாம் என்று சொல்ல அது வழிவிடுகிறது. காலைச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும் பலருக்குக் காரணம் இந்தப் பயம்தான். அது தெரியாமல் டோஸை ஏற்றி எழுதினால், அவர் அதையும் குறைத்துத்தான் போடுவார்.

ஊசி போடுவதைப் பாருங்கள், வயிற்றைத் தொடுங்கள்

உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் அதை அறிவுரைக்குச் செலவழிக்காதீர்கள். "எப்படிப் போடுவீங்கன்னு காட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். நடுவில் திருத்த வேண்டாம், முடியும்வரை பாருங்கள். பார்க்க வேண்டியவை இவை:

1. கலங்கலான இன்சுலினாக இருந்தால் பென்னை உள்ளங்கையில் 10 தடவை உருட்டி, 10 தடவை மேலும் கீழுமாகச் சாய்க்கிறாரா? ஒரே மாதிரி பால்போல் ஆக வேண்டும். அடியில் படிந்திருந்தால் ஒரு நாள் நீர்த்த மருந்தும் இன்னொரு நாள் கெட்டியான மருந்தும் போகும்.
2. புது நீடிலைப் பொருத்தி, 2 யூனிட் வைத்து மேல்நோக்கி அழுத்தி, முனையில் சொட்டு வருகிறதா என்று பார்க்கிறாரா? வராவிட்டால் திரும்பவும் செய்ய வேண்டும்.
3. 4 மி.மீ. நீடில் என்றால் நேராக 90 டிகிரியில் குத்துகிறாரா? பெரியவர்களில் ஒல்லியானவர், பருமனானவர் எல்லாருக்கும் இந்த நீளம் போதும். பெரும்பாலோருக்குத் தோலைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மிக மெலிந்தவர்களுக்கும் நீள நீடில் போடுபவர்களுக்கும் தோலை மடித்துப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் தசைக்குள் போய் வேகமாக வேலை செய்து லோ ஆகும்.
4. பட்டனை முழுக்க அழுத்தியபின் பத்து எண்ணிவிட்டு எடுக்கிறாரா? உடனே எடுத்தால் முனையிலிருந்து மருந்து சொட்டும். பெரிய டோஸ் போடுபவர்களுக்கு இது அதிகம் நடக்கும்.
5. நீடிலைக் கழற்றித் தடித்த டப்பாவில் போடுகிறாரா?

சிரிஞ்ச் பயன்படுத்துபவர் என்றால் சிரிஞ்சையும் குப்பியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யு-40 (ஒரு மி.லி.-யில் 40 யூனிட்), யு-100 (ஒரு மி.லி.-யில் 100 யூனிட்) இரண்டும் புழங்கும் இடங்களில் இந்தப் பிழை ஆளையே கொல்லும். யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். யு-40 இன்சுலினை யு-100 சிரிஞ்சில் எடுத்தால் தேவையில் 40 சதவீதம்தான் போகும்.

பிறகு தொட்டுப் பாருங்கள். பல வருடம் ஊசி போட்டவர்களுக்கு இது கூடுதலாகப் புரியும், ஏனென்றால் தடித்துப்போன இடத்தில் குத்தினால் வலிக்காது. வலிக்காத இடத்துக்கே கை போகும், அங்கேயே தடிப்பு வளரும். கண்ணால் மட்டும் பார்த்தால் பல தப்பிவிடும். நோயாளியைப் படுக்கவோ நிற்கவோ வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி செய்து, விரல்நுனியில் கொஞ்சம் ஜெல் தடவி, தொப்புளுக்கு வெளியே வட்டமாக அழுத்தி நகர்த்துங்கள். மெத்தென்ற தோலிலிருந்து ரப்பர் போன்ற இடத்துக்கு விரல் ஏறுவது தெரியும். அங்கே பேனாவால் வட்டம் போடுங்கள். நோயாளியின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்து அவரையும் உணரச் செய்யுங்கள். அடுத்த தடவை அவரே கண்டுபிடிப்பார்.

இங்கே நிறையப் பேர் ஒரு தவறு செய்கிறார்கள். "இனி இந்த இடத்துல போடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தடிப்பில் போட்ட மருந்து சரியாக ஏறாததால் டோஸ் ஏற்கெனவே கூட்டப்பட்டிருக்கும். அதே டோஸை நல்ல தோலில் போட்டால் முழுக்க ஏறி லோ ஆகிவிடும். இடம் மாற்றும்போது டோஸைக் குறைக்க வேண்டிவரும். பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதத்தில் தொடங்கி, அடிக்கடி சர்க்கரை பார்த்து, சிகிச்சை தரும் மருத்துவர் திருத்துவார். அந்த நாட்களில் யாருக்குப் போன் பண்ணுவது என்பதையும் எழுதிக் கொடுங்கள். புது இடத்திலும் ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் இடையே ஒரு விரல் அகலமாவது இருக்கட்டும்.

லோ சுகரைச் சொல்லிக்கொடுக்கும்போது

70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, ஏறாவிட்டால் திரும்பவும் 15 கிராம். இந்த விதியை எல்லாரும் சொல்வார்கள். 15 கிராம் என்பது என்ன என்று நோயாளிக்குக் காட்டுவோர் குறைவு. சர்க்கரை என்றால் தலைதட்டிய நான்கு டீஸ்பூன், தண்ணீரில் கலந்து. பழச்சாறு என்றால் ஏறக்குறைய 150 மி.லி. சாக்லேட் வேண்டாம்; கொழுப்பு அதை மெதுவாக்கும். 54-க்குக் கீழே போவது தீவிரமானது. விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, குளுக்ககான்தான்.

அந்தப் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது லோ ஆனவருக்குத்தான் தெரியும். கை நடுங்கும், பசி பிடுங்கித் தின்னும், கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடத் தோன்றும். இரண்டு மணி நேரம் கழித்து 320 வந்து நிற்கும். "கட்டுப்பாடே இல்லையா?" என்று கேட்பது அறியாமை. மூளை உயிருக்குப் பயந்து கேட்கும் பசி அது. அந்த நேரத்துக்கென்று அளந்து கட்டிய பொட்டலம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் அளவு நிற்கும். படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, பையில் ஒன்று. நாலடி நடந்து சமையலறைக்குப் போக வேண்டியிருந்தால் அங்கே அளவு போய்விடும்.

உங்கள் அனுபவம் எட்டாத மூன்று இடங்கள் உண்டு. அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது, அந்த மருந்து அதை உடைய விடாது. தூய குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் வரும் லோ, சரியானபின்னும் மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். சிறுநீரகம் பழுதானவர்களையும் முதியவர்களையும் உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகலாம், வியர்வை மட்டும் மிஞ்சும். இவர்களிடம் உங்கள் லோ எப்படித் தெரியும் என்று விவரித்தால் தப்பான அடையாளத்துக்குக் காத்திருப்பார்கள்.

எண்ணைப் பற்றிப் பேசுவது

மீட்டர் நோட்டைத் திறந்ததும் கண் பெரிய எண்ணுக்குத்தான் போகும். அதைக் கேள்வி கேட்காதீர்கள். எழுதிக்கொண்டு வந்ததற்கு முதலில் நன்றி சொல்லுங்கள். திட்டு வாங்கியவர் அடுத்த தடவை அழகான பொய் எண்களோடு வருவார். "ஏன் இவ்வளவு ஏறிச்சு?" என்பதை விட்டு, "இந்த நம்பர் வந்த அன்னைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "கட்டுப்பாட்டில் இல்லை", "பேச்சைக் கேட்பதில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுவதையும் விடுங்கள். உங்கள் குறிப்பேட்டில் உங்களைப் பற்றி அப்படி எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கடந்த ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஹெச்பிஏ1சி 7 சதவீதம் என்றால் சராசரி ஏறக்குறைய 154. 8 என்றால் 183. அது சராசரி மட்டுமே. 50-க்கும் 300-க்கும் ஊஞ்சலாடுபவருக்கும் 7 வரும். இரும்புச்சத்துக் குறைவு அதை உயர்த்திக் காட்டும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நிலை அதைத் தாழ்த்திக் காட்டும். சென்சார் உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு 70-க்கும் 180-க்கும் இடையே 70 சதவீத நேரம் இருப்பதும், 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள் நிற்பதும் இலக்கு. முதியவர்களுக்கு இலக்கு தளர்வானது.

நோயைச் சுமந்து சுமந்து களைத்துப்போனவரை அடையாளம் காண 20 கேள்விகள் கொண்ட பெய்டு என்ற படிவம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, கூட்டி 1.25-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். 40-ம் அதற்கு மேலும் வந்தால் அன்றைக்கு டோஸைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து அந்தச் சுமையைப் பற்றிப் பேசுங்கள்.

"எனக்கும் இருக்கு" என்று சொல்லலாமா?

சொல்லலாம், எப்போதும் அல்ல. வாயைத் திறக்குமுன் இது யாருக்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளி வெட்கப்பட்டு எதையோ மறைக்கிறார், இன்சுலின் போட்டால் வாழ்க்கையே போச்சு என்று நினைக்கிறார் என்றால் சொல்வது உதவும். இரண்டு வாக்கியம் போதும்: "எனக்கும் டைப் 1 இருக்கு, நானும் தினமும் போட்டுக்கறேன். உங்களுக்கு இதுல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" இரண்டாவது வாக்கியம் கேள்வியாக இருந்து பேச்சை அவரிடமே திருப்ப வேண்டும். உங்கள் டோஸ், உங்கள் ஹெச்பிஏ1சி, நீங்கள் சாப்பிடுவது எதையும் சொல்லாதீர்கள். கேட்டால்கூட, "என் டோஸ் உங்களுக்குப் பொருந்தாது, உங்க கணக்கைப் பார்ப்போம்" என்று முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் அதே அளவைப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு.

இன்றுதான் நோய் தெரிந்து உடைந்துபோயிருப்பவரிடம் வேண்டாம். அவர் துக்கம் முதலில் வெளியே வரட்டும். காலையோ பார்வையையோ இழந்தவரிடமும் வேண்டாம். "நான் சமாளிக்கிறேனே" என்று அவர் காதில் விழும். நீங்கள் சொல்லாத வார்த்தைதான் அது, ஆனாலும் அப்படித்தான் விழும்.

அனுபவம் தவறாக வழிகாட்டும் இடம்

காய்ச்சல், வாந்தி வந்தால் என்ன செய்வது என்பது சரியான உதாரணம். டைப் 1 உள்ளவருக்குச் சாப்பிட முடியாவிட்டாலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தக் கூடாது என்பது எலும்பில் ஊறிய பாடம். சர்க்கரையையும், இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோனையும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது, 3 என்றால் உடனே மருத்துவமனை. ஆனால் எதிரில் இருப்பவர் டைப் 2, மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார் என்றால், நீர்ச்சத்து இறங்கும் நாட்களில் அவை இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தத்தான் சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்தில் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் ஏறிவிடக்கூடும். "எதையும் நிறுத்தாதீங்க" என்று பழக்கத்தில் வாயில் வருவது இங்கே கேடு செய்யும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சாய்வு உண்டு. மோசமான லோ ஒன்றைக் கடந்து வந்த மருத்துவர், நோயாளிகளின் 220-ஐயும் 240-ஐயும் "பரவாயில்லை" என்று விட்டுவிடத் தொடங்குவார். தன் சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பவர் எழுபது வயதுக்காரரையும் அதே கயிற்றால் கட்டுவார். மாதம் ஒரு நாள், கடைசியாகப் பார்த்த இருபது பேரின் டோஸ் மாற்றங்களை எடுத்து, நோய் இல்லாத சக மருத்துவர் ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் நோயாளியின் தாளில் இருக்கிறதா, உங்கள் தலையில் இருக்கிறதா என்று அவர் கேட்கட்டும்.

உங்கள் கண் பரிசோதனை முடிவு வரும் நாளில் விழித்திரைப் பாதிப்பு பற்றி இன்னொருவருக்கு விளக்கும் வேலை வந்தால், சக ஊழியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "இன்னிக்கு இவரை நீங்க பார்த்துக்கோங்க, நாளைக்கு உங்களோடதுல ஒண்ணு நான் பார்க்கறேன்" என்று கேட்டால் போதும். இந்த ஏற்பாட்டை அந்த நாள் வருமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.